தங்கை எழுதும் டைரி

கேள்வி: ஊர் நெல்லிக்குப்பம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. எதுவும் கற்றுத்தருவதில்லை. பாதி நாள் அரம் பிடிக்கிறேன், மீதி நாள் மெஷின் துடைக்கிறேன். போன வாரம், துளைக்குள் மரை வெட்டும் எம்10 டேப் (10 மி.மீ. மரைக்கானது) ஒடிந்து எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். கூடப் படித்தவன் சாப்பாடு டெலிவரியில் என் உதவித்தொகையைவிட அதிகம் சம்பாதிக்கிறான். அப்பா கரும்பு வெட்டப் போகிறார். என் வேலை டைரியைக்கூட ப்ளஸ் டூ படிக்கும் தங்கைதான் ஞாயிறுதோறும் எழுதித் தருகிறாள், கையெழுத்து அழகாக இருக்கும். டேப் ஒடிந்த நாளுக்கும் ‘டேப்பிங் பயிற்சி முடித்தேன்’ என்றே எழுதியிருக்கிறாள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதே. ஆனால் அதைவிட அவசரம், அந்த டைரியைத் தங்கையிடமிருந்து வாங்குவது.

எதுவும் கற்றுத்தரவில்லை என்கிறாய். ஒடிந்த டேப் கற்றுத்தர வந்ததே, அதை எங்கே எழுதினாய்? எம்10, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5 மி.மீ. என்றால் 8.5 மி.மீ. ட்ரில். நீ போட்டது எது? 8 போட்டிருந்தால் டேப் வெட்ட வேண்டிய இரும்பு கூடுதல், இறுகித்தான் ஒடியும். ட்ரில் சரி என்றால், டேப் இரண்டு மூன்று மரை இறங்கியதும் செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை இரண்டு பக்கமும் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்தாயா? முன்னால் அரைச் சுற்று போனதும் பின்னால் கால் சுற்று திருப்பி, வெட்டுப்பட்ட இரும்புச் சுருளை உடைத்தாயா? எண்ணெய் விட்டாயா? அடி மூடிய துளையாக இருந்தால், மரை முடியும் இடத்துக்குக் கீழேயும் சில மில்லிமீட்டர் ட்ரில் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருள் அடியில் அடைந்து டேப் முட்டி நிற்கும். அது தெரியாமல் கைப்பிடியை இன்னும் அழுத்தினால் ஒடியாமல் என்ன செய்யும்? இதில் உன் தப்பு எது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ப்ளஸ் டூ பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

அரமும் அப்படித்தான். ராவிய முகத்தில் ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். இரண்டு ஓரத்திலும் ஒளி கசிந்தால் நடு உப்பியிருக்கிறது, உன் கையில் அரம் ஊஞ்சலாடுகிறது என்று அர்த்தம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய் உன் முழங்கை உயரத்தில் இருக்கிறதா? அதைவிட மேலே இருந்தால் காலுக்கடியில் பலகை போட்டு நில்.

அப்பா வெட்டிய கரும்பை இன்னொருவர் பெயரில் எழுதினால் வீட்டில் உலை கொதிக்குமா? அவர் உழைப்பில் படித்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்க வேண்டியவளின் ஞாயிற்றுக்கிழமையை நீ எடுத்துக்கொள்கிறாய். அண்ணன் செய்கிற காரியமா இது? அவளுக்குப் படிக்க நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியவன் நீ.

வருடம் முடிந்ததும் அதே கம்பெனி வேலை தரும் என்று நம்பி இருக்காதே. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. நீ பாதியில் ஓடினால் மட்டும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க அதில் வழி இருக்கிறது. உனக்கென்று மிஞ்சுவது கடைசித் தேர்வில் தேறினால் வரும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் கையில் படிந்த வேலையும்தான். கடலூர் சிப்காட்டில் வேலை கேட்டு நிற்கும்போது ஒருவர் டேப் ட்ரில் அளவு கேட்டால் தங்கைக்குப் போன் போடுவாயா? நிஜமாகவே துடைக்க மட்டும்தான் விடுகிறார்கள் என்றால், இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் புகார் கொண்டுபோக உனக்கு இருக்கும் சாட்சியும் இந்த டைரிதான். ‘பயிற்சி முடித்தேன்’ என்று நீயே அதில் எழுத வைத்துவிட்டு யாரிடம் போய் என்ன சொல்வாய்?

டேப் ஒடிந்த நாளின் பக்கத்தைக் கிழிக்காதே. கீழே உன் கோணல் எழுத்திலேயே எழுது: என்ன உலோகம், என்ன ட்ரில், எத்தனை ஆழம், எந்த இடத்தில் இறுகியது, எப்படி ஒடிந்தது. துளையைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு படம் போட்டு, ஒடிந்த துண்டு எங்கே நிற்கிறது என்று குறி. காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் போர்மேனிடம் கொண்டுபோய், “ஐயா, இதில் எங்கே தப்பு பண்ணினேன்?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கு.