சிங்கப்பூர்–நியூயார்க்: ஆறு மணி நேரப் பயணமா?

பகல் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 6 மணிக்கு இறங்குவதாக அம்மாவின் டிக்கெட்டில் இருக்கிறது, தவறா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் சரிதான். அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள்.

உங்கள் பயணம் ஜூலையில். அப்போது நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். சிங்கப்பூரில் பகல் 12 என்றால் அங்கே நள்ளிரவு 12. அங்கிருந்து மாலை 6 வரை எண்ணுங்கள், 18 மணி நேரம் வரும். நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடு வரை வித்தியாசம் 13 மணி நேரம். குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தூரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். சுமார் 15,300 கிலோமீட்டர், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம்: அதே 18. காற்றைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி கூடலாம், குறையலாம். உலகின் மிக நீண்ட நேரடிப் பயணிகள் விமானப் பாதைகளில் ஒன்று இது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இருக்கையை நடைபாதை ஓரமாக இப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். சக்கர நாற்காலி உதவியையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரே மூச்சில் முடியாது என்றால் பிராங்க்பர்ட் வழியாகப் போகலாம், ஆனால் மொத்தம் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும்.