பெர்ஃபார்ம் என்றாலே ‘நிகழ்த்து’ தானா?

கேள்வி: இங்கிலாந்து ஊர்களின் வரலாறு பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆவணங்களிலிருந்து மேற்கோள்கள் நிறைய வருகின்றன. பெர்ஃபார்ம், ஆஃபீஸ், கீப், மிஸ்டரி, வேக் போன்ற சொற்கள் ஓரிடத்தில் கடமையாகவும், அடுத்த இடத்தில் சடங்காகவும், இன்னோர் இடத்தில் கேளிக்கையாகவும் நிற்கின்றன. பெர்ஃபார்ம் வந்த இடத்திலெல்லாம் ‘நிகழ்த்து’ என்று போட்டேன். பதிப்பாசிரியர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிவிட்டார். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: சுழித்தவர் பக்கம்தான் நியாயம். ஆனால் குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல. இந்த மூன்றையும் நாம்தான் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறோம், அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் அப்படி வைக்கவில்லை.

பெர்ஃபார்மையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு ‘குறைவைக்காமல் செய்து முடி’ என்றுதான் பொருள். 1600ஐ ஒட்டித்தான் அது நாடக மேடைக்கு வருகிறது. எனவே உயிலோடு வந்தால் ‘நிறைவேற்று’, நேர்ச்சையோடு வந்தால் ‘செலுத்து’. தமிழ் வேதாகமத்திலும் பொருத்தனையைச் செலுத்துகிறார்கள், நிகழ்த்துவதில்லை. வினையை மட்டும் பார்த்து அகராதியைப் புரட்டாதீர்கள். அதோடு வரும் பெயர்ச்சொல் என்ன, செய்கிறவர் யார், ஆண்டு எது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆஃபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, கோப்பு நினைவுக்கு வரக்கூடாது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலில், அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர், சபையிலிருந்து விலக்கப்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோருக்கு இந்த ‘ஆஃபீஸ்’ கிடையாது. இங்கே அது ஆராதனை முறை. அதே சொல்லைத் தூக்குமேடையில் தண்டனையை நிறைவேற்றுபவரிடம் சொன்னால் ‘உன் வேலையைச் செய்’ என்று அர்த்தம்.

கீப் எளிது. ஈஸ்டரை என்றால் ‘கொண்டாடு’, ஓய்வுநாளை என்றால் ‘அனுசரி’, தவக்காலத்தை என்றால் ‘நோன்பிரு’.

மிஸ்டரிதான் கண்ணிவெடி. ‘மிஸ்டரி ப்ளே’ எனும் பழைய விவிலிய நாடகத்தை ‘மர்ம நாடகம்’ என்று அச்சிலேயே பார்த்திருக்கிறேன், துப்பறியும் கதை மாதிரி! இது அந்த மர்மம் அல்ல. தொழில், பணி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லும், இறைமறைபொருளைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. தொழில் பழகுவோரின் ஒப்பந்தங்களில் மிஸ்டரி வந்தால் வெறும் ‘கைத்தொழில்’.

இடைக்கால யார்க் நகரத்தில் இந்தக் கலப்பைக் கண்ணால் பார்க்கலாம். கார்பஸ் கிறிஸ்டி எனும் கிறிஸ்துவின் திருவுடல் திருநாளில் உலகத் தோற்றம் முதல் இறுதித் தீர்ப்பு வரை காட்சி காட்சியாகத் தெருவில் வண்டிகளில் நடிப்பார்கள். ஒவ்வொரு காட்சியும் ஒரு தொழிற்குழுவின் பொறுப்பு. கப்பல் தச்சர்களுக்கு நோவாவின் பேழை, ரொட்டி சுடுவோருக்குக் கடைசி இராவுணவு, ஆணி செய்வோருக்குச் சிலுவையில் அறைதல். அந்தக் காட்சியில் வரும் படைவீரர்கள், துளை தப்பான இடத்தில் போடப்பட்டுவிட்டது என்று பட்டறைத் தொழிலாளிகளைப் போலவே அலுத்துக்கொண்டு, கையும் காலும் துளைக்கு எட்டும்வரை கயிறு கட்டி இழுக்கிறார்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் வந்திருக்கும், நடுக்கமும் வந்திருக்கும். சொதப்பிய குழுவுக்கு அபராதமும் உண்டு. இது கடமையா, வழிபாடா, வேடிக்கையா? மூன்றும்தான். ஆவணங்கள் இதை ‘வெளியே கொண்டுவருதல்’ என்ற வினையால் சொல்கின்றன. நான் ‘எடுத்து நடத்து’ என்று போடுவேன். நம் கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியை ஒரு தொழிலாரோ சமூகத்தாரோ எடுத்து நடத்துவதுபோல. அதற்காக மொழிபெயர்ப்பில் ‘மண்டகப்படி’ என்றே எழுதிவிடாதீர்கள், யார்க் மதுரையாகிவிடும். நாடகத்துக்கு ‘மறைநாடகம்’ என்று எழுதி, முதல் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு தந்தால் போதும். 1569க்குப் பிறகு நின்றுபோன இந்த நாடகங்களை 1951இல் மறுபடி எடுத்தார்கள். அந்த ஆண்டுக்குரிய பத்திகளில் உங்கள் ‘நிகழ்த்து’ தாராளமாக இருக்கலாம்.

வேக், வெயிட்ஸ் இரண்டுக்கும் ஆண்டுதான் சாவி. ஊர்த் தேவாலயத் திருநாளுக்கு முந்தைய இரவு கண்விழித்துச் செபிப்பது வேக். பிறகு அதுவே சந்தையும் கூத்துமாகி, லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆலை மூடும் விடுமுறை வாரமாக முடிந்தது. ஆகவே முதலில் ‘திருவிழிப்பு’, பிறகு ‘ஊர்த் திருவிழா’, கடைசியில் ‘ஆலை விடுமுறை’. வெயிட்ஸ் முதலில் இராக்காவலர்கள், பின்னாளில் நகரின் சம்பள இசைக்காரர்கள். 1835இன் நகராட்சிச் சட்டத்தோடு அந்தச் சம்பளம் போயிற்று.

உங்கள் நூல் நார்மானியர் வருகைக்கு முன்னாலும் போகிறதென்றால் ‘லாக்’ என்ற பழஞ்சொல் எதிர்ப்படும். பலி, காணிக்கை, விளையாட்டு எல்லாம் அது ஒன்றே. போரைக் குறிக்கும் கூட்டுச்சொற்களிலும் ஒட்டிக்கொள்ளும். திருமணத்தைக் குறிக்கும் வெட்லாக்கின் வாலிலும் செயலைக் குறிக்கும் விகுதியாக இந்த லாக்தான் இருக்கிறது. பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கல்யாணமானவர்கள் வேறு மாதிரி சொன்னாலும்.