கரை ஏன் கரைகிறது? கடலரிப்பு பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் எங்கள் ஊர். வலை காயப்போட்ட மணல்வெளி முழுக்கப் போய்விட்டது. கடல் மட்டம் உயர்வதுதான் காரணமா?

பதில்: அதற்கும் பங்கு உண்டு தம்பி, ஆனால் உங்கள் பக்கம் முதல் காரணம் மணல் வரத்து நின்றுபோனது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, சில பத்தாண்டுகளில் ஒரு கடற்கரையே காணாமல் போக அது மட்டும் போதாது. நம் கரையில் தென்மேற்குப் பருவத்து அலை சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள், தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை போனது. சென்னையிலும் அப்படித்தான், துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை பறிபோனது.

கேள்வி: எங்களுக்கும் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்சுவர், போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: வீடு இடியும் நிலையில் கேட்பது நியாயம்தான். ஆனால் கல் போட்ட ஊருக்கு வடக்கே இருப்பவர்கள் அடுத்து மணலை இழப்பார்கள், புதுச்சேரியில் தொடங்கியது தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது இப்படித்தான். துறைமுக வாயில் தூர்வாரும் மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று எல்லா ஊரும் சேர்ந்து கேளுங்கள், அந்த மணல் உங்களுக்கு வரவேண்டியது.

கேள்வி: அலையாத்தி எனும் சதுப்புநில மரங்களை நட்டால் தடுக்குமா?

பதில்: பிச்சாவரம் மாதிரி சேறும் உப்பங்கழியும் இருக்கும் இடத்துக்கு அது சரி. அலை நேரே அடிக்கும் மணற்கரையில் நிற்காது. அங்கே அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் காவல். அடும்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும், காற்றில் வரும் மணல் அதில் தங்கித் தங்கி மேடாகும். விடுதி கட்ட அந்த மேட்டைச் சமன்செய்ய விடாதீர்கள்.

கேள்வி: அப்போ பருவநிலை மாற்றத்தை விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 2006 முதல் 2018 வரை கடல் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3.7 மி.மீ. ஏறியது, அந்த வேகமும் கூடுகிறது. மணல் இல்லாத கரையில் புயல் வந்தால் தண்ணீர் முன்பைவிட உள்ளே வரும், தடுக்க எதுவும் இருக்காது.

கேள்வி: மழைக்காலத்தில் போகிற மணல் கோடையில் திரும்புகிறதே, நிரந்தரமாகப் போனது என்று எப்படித் தெரியும்?

பதில்: கோயில் சுவர் மாதிரி அசையாத ஓர் இடத்திலிருந்து செடிகள் முடியும் எல்லை வரை நாடாவால் அளந்து, தேதியோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள். வருடாவருடம் அதே மாதத்தில் அளந்து ஒப்பிடுங்கள். ஐப்பசி அளவைச் சித்திரை அளவோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.