நடப்பவர்களுக்கு என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நிதி திரட்ட, பிப்ரவரியில் 22 பேர் காங்கேயத்திலிருந்து பழனி வரை இரண்டு நாள் நடக்கிறார்கள். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. ஒரு வேனும் உதவிக்கு மூன்று பேரும் இருக்கிறோம். என்ன சமைக்கலாம், எவ்வளவு வேண்டும்? நடப்பவர்களில் இருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. (வாசகி, காங்கேயம்)

பதில்: காங்கேயத்திலிருந்து தாராபுரம் சுமார் 33 கிலோமீட்டர். அங்கிருந்து பழனி ஏறக்குறைய இன்னொரு 35. நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் நடைக்கு, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சுமார் 1,500 கலோரி தேவைப்படும். இதை ஒரே பந்தியில் உட்காரவைத்துப் போட்டுவிட முடியாது. நம் பக்கத்தில் விருந்தாளியை "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று சொல்லாமல் அனுப்ப மனசு வராது. ஆனால் நடந்துகொண்டிருப்பவருக்கு அந்தப் பாசம் வயிற்றுப் பாரமாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பழம், அல்லது இரண்டு கடலை மிட்டாய், அல்லது நாலைந்து பேரீச்சம்பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பச் சொல்லுங்கள். அதற்கு முன் கருப்பட்டிக் காப்பியும் ஒரு பழமும். ஏழரை மணிவாக்கில் ஊதியூர் வந்துவிடும். அங்கே ஆளுக்கு நாலு இட்லி, மேலே பொடியும் நல்லெண்ணெயும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், அது வேனில் தாங்காது. வெயில் ஏறும் முன், பதினொரு மணிக்குள் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். மதியத்துக்கு நான் சொல்வது அரிசிம்பருப்புச் சோறுதான். அரிசியும் துவரம்பருப்பும் சேர்ந்த சத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், உப்பு எல்லாம் ஒரே பாத்திரத்தில். தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும். உங்கள் ஆட்களையும் சேர்த்து 26 பேருக்கு மூன்று கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு. கம்மங்கூழ் அருமையான உணவு, ஆனால் வீட்டில் குடித்துப் பழக்கமில்லாதவருக்கு நடையன்று முதல்முறையாகக் கொடுக்காதீர்கள்.

சோற்றை முந்தைய இரவே பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை விடியற்காலையில் கட்டிய தயிர்சாதத்தை மதியம் ஒரு மணிக்குப் பிரித்துக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஆறு பேர் வாந்தியோடு படுத்துவிட்டார்கள். அன்றைக்கு நடை அத்தோடு முடிந்தது. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடுப்பையும் சிலிண்டரையும் வேனில் ஏற்றி, தங்குமிடத்தில் சமைத்துச் சுடச்சுடப் போடுங்கள்.

தண்ணீர்தான் இந்த வழியில் பெரிய விஷயம். தாராபுரம் சாலையில் இருபுறமும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, அங்கங்கே ஒரு வெள்வேல மரம். நிழல் குறைவு. வறண்ட காற்று வேர்வையை வந்ததும் உறிஞ்சிவிடும். சட்டை நனையாததால் வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மாலையில் சட்டை முதுகில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்போதுதான் தெரியும். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால், ஏழரை மணி நேர நடைக்கு 22 பேருக்கு 80 லிட்டருக்கு மேல் வரும். குடிக்க மட்டும் 20 லிட்டர் கேன் ஐந்து வையுங்கள். சமையலுக்கும் கைகழுவவும் தனியாக.

அதற்காக வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். ஒன்றுவிட்டு ஒரு நிறுத்தத்தில் உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலமும் இருக்கட்டும். அது தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் சரி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு பற்றி முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ள அந்த இருவரையும் இந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். அளவை மாற்றுவதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் இருக்கட்டும், வேனில் இருந்தால் போதாது. பக்கத்தில் எப்போதும் ஒரு துணை நடக்கட்டும். அப்புறம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் உடைந்தாலும் அவர்களுக்கே தெரியாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

வேன் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய், சாலையை விட்டு இறங்கி நிற்கட்டும். நடப்பவர்கள் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம், ஒருவர் பின் ஒருவராக. இருட்டில் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம்.

சாப்பாட்டுச் செலவை நன்கொடைப் பணத்தில் தொடாதீர்கள். ஒரு வீடு வாழைத்தார், ஒரு வீடு மோர், ஒரு வீடு அரிசி என்று பொருளாகக் கேளுங்கள். நம் ஊரில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

தாராபுரத்தில் இரவுக்குச் சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடையல், ஆளுக்கு ஒரு முட்டை. ஒன்பதுக்குள் எல்லோரும் படுத்துவிட வேண்டும். மறுநாளும் இதே முறைதான், காலைச் சாப்பாட்டை அலங்கியம் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள். பழனி சேர்ந்த அன்றே வேனைத் திருப்ப அவசரப்படாதீர்கள். இரண்டு நாள் மூன்று மணிக்கே எழுந்த ஓட்டுநர் அவர். அவருக்கும் ஒரு தட்டு வைத்து, அங்கேயே தூங்கவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.