வினைச்சொல் இல்லாத அம்மம்மா

அன்புள்ள அக்கா,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். என் அம்மம்மா இந்தப் புரட்டாதியில் காலமானார். வயது 84. கரவெட்டியில் பிறந்தவர், 1998இல் கனடாவுக்கு வந்தவர். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. அச்சகத்தில் ஒரு மாதிரி கொடுத்தார்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நானாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. அம்மம்மா வேலைக்குப் போனதில்லை, ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. சமைத்தார், எங்களை வளர்த்தார், ஒவ்வோர் ஐப்பசியிலும் குளிர் முற்றுவதற்குள் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்தார். இதைத் தவிர என்ன எழுதுவது?

திதி வெண்பா, புலம்பல் எல்லாம் இந்தக் காலத்திலும் வேண்டுமா? இன்னொன்று: தெளிவாக இருப்பது குளிர்கோட்டோடு எடுத்த ஒரு படம்தான். ஸ்டூடியோவில் கொடுத்துப் பட்டுச்சேலை உடுத்தியதுபோல் மாற்றலாம் என்கிறார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு பேரப்பிள்ளை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். 31ஆம் நாளுக்கு முன் கிடைக்க வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது ஒரு சிறு நூலை. அந்தியேட்டி என்னும் ஈமக் கிரியைகள் முடிந்து, 31ஆம் நாள் வீட்டுக்கு வரும் உறவினருக்கும் அயலவருக்கும் அதைக் கொடுப்போம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் வம்சாவளி. முன்பு அதை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, கூடியிருப்பவர்கள் கண் கலங்கக் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊர்களில் எத்தனையோ பெண்களின் பெயர் அச்சேறிய ஒரே புத்தகம் அவர்களுடைய கல்வெட்டுத்தான். அதையும் அவர்கள் பார்க்கவில்லை.

அச்சகம் தந்த மாதிரியை மறுபடி எடுத்துப் பாருங்கள். இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் அன்புப் பேத்தியும், பூட்டியும் ஆவார். (எங்கள் வழக்கில் பேத்தி என்பது பாட்டியையும் குறிக்கும்.) ஒரு பக்கம் நீளும் அந்த வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு வினைமுற்று: ஆவார். அந்தப் பெண் கிணற்றில் தண்ணீர் அள்ளவில்லை, மா இடிக்கவில்லை, யாரோடும் கோபிக்கவில்லை, எங்கும் நடந்து போகவில்லை. யார் யாருக்கோ என்னென்னவோ ஆனார், அவ்வளவுதான். உங்களுக்கு வரி வராமல் போனது அதனால்தான். கடிதத்தில் மட்டும் உங்களை அறியாமலே மூன்று வினைகளை எழுதிவிட்டீர்கள்: சமைத்தார், வளர்த்தார், தூக்கி வைத்தார். இதைத் தவிர என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். இதைத்தான் எழுத வேண்டும் தங்கையே.

நான் இதை அறிந்தது பிழை செய்தபின். என் அம்மா 2003இல் போனார். அப்போது எழுதுகிறவள் என்ற பெயர் எனக்கு வந்திருந்தது. கல்வெட்டு அதற்கேற்ப இருக்கும் என்று உறவினர்கள் எதிர்பார்த்தார்கள். இரவிரவாக இருந்து எட்டு விருத்தங்கள் எழுதினேன். ஒரு சீரும் பிசகவில்லை. வாசித்தபோது பெரியவர்கள் அழுதார்கள். அதில் அம்மாவைக் குலவிளக்கு என்றேன், மணிவிளக்கு என்றேன், அணையாத விளக்கு என்றேன். அம்மா தன் கையால் செய்த விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தல் ஒன்றின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்குச் சில கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, நடுவில் ஒரு திரியை நிறுத்தினால் விளக்கு. போத்தலே சிமினி. ஊர் முழுவதும் அதுதான் எரிந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து படித்தோம். சூட்டில் போத்தல் வெடித்துவிடும். மறுநாள் காலை அம்மா வெறும் போத்தல் கேட்டு வீடு வீடாகப் போவார். திரியைத் தூண்டிவிட நடுச்சாமத்தில் எழும்புவார். சவர்க்காரம் கிடைக்காத மாதங்களில் பனம்பழத்தைப் பிசைந்து எங்கள் வெள்ளைச் சட்டைகளைத் தோய்த்தார். நாங்கள் மூவரும் பரீட்சை எழுதித் தேறியது அந்த வெளிச்சத்தில். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் நம்புவதற்கு நான் காட்டக்கூடிய தாள் ஒன்றும் இல்லை. எட்டு விருத்தங்கள் இருக்கின்றன.

என் அம்மம்மாவுக்கோ கல்வெட்டே இல்லை. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குத் தப்பி யாழ்ப்பாணம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, அம்மா அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அம்மம்மா கண்ணை மூடினார். தாளும் இல்லை, அச்சகம் தேடும் நிலையில் யாரும் இல்லை. 31ஆம் நாள் அம்மா என் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து எழுதினார்: "யுவ வருடம், தை, வளர்பிறைத் திருதியை." அந்த ஒற்றை இன்றும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் ஆண்டுதோறும் திவசம் செய்கிறோம்.

எனவே திதி வெண்பாவை விட்டுவிடாதீர்கள். விசுவாவசு வருடம், புரட்டாதி, பட்சம், திதி நான்கும் நாலு வரிக்குள் அடங்கிவிடும். உங்கள் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் பஞ்சாங்கம் பார்த்து நாளைக் கண்டுகொள்வார்கள். புலம்பல்களை விட்டுவிடலாம். அந்தப் பக்கங்களை உரைநடைக்குக் கொடுங்கள்.

எழுதுவதற்கு முன் உங்கள் அம்மாவையும் சித்தி, பெரியம்மா யாரும் இருந்தால் அவர்களையும் ஒன்றாக இருத்திக் கேளுங்கள். கரவெட்டியில் விடிந்ததும் அம்மம்மா முதலில் என்ன செய்வார்? புட்டு அவித்த நீத்துப்பெட்டியை யார் இழைத்துக் கொடுத்தது? ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பையில் எதை வைத்தார், எதைத் திரும்பிப் பார்த்தார்? அந்தக் கறிவேப்பிலைக் கன்று யார் வீட்டிலிருந்து வந்தது? கோபம் வந்தால் என்ன சொல்லி ஏசுவார்? ஏச்சையும் எழுதுங்கள். இறந்தவர்களைச் சாந்தமே உருவானவர்களாக்கி நாங்கள் அவர்களுடைய குரலை இழந்துவிடுகிறோம்.

அம்மம்மாவின் தாயின் பெயரையும் கட்டாயம் கேளுங்கள். அவருடைய தாயின் பெயரையும். என் அம்மாவின் கல்வெட்டில் வம்சாவளி ஐந்து தலைமுறை பின்னே போகிறது. ஆண்களின் பெயர்கள் ஏணிப்படிபோல் இருக்கின்றன. என் அம்மம்மாவைப் பெற்றவரின் பெயர் அதில் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஒருவரும் இல்லை.

அடித்து முடிந்ததும் ஒரு பிரதியை நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். ஈழத்து நினைவு மலர்களை அவர்கள் மின்வருடிச் சேர்த்து வைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பதை உலகம் அறியும். 1995இல் பூட்டிவிட்டு வந்த வீடுகளின் பெட்டகங்களில் இருந்த கல்வெட்டுகள் எத்தனை போயின என்று எண்ணியவர் இல்லை. எங்கள் பூட்டிமாரின் பெயர்கள் அவற்றுக்குள் இருந்தன.

தமிழ் வாசிக்கத் தெரியாத மற்றப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் சில பக்கங்கள் சேருங்கள். நீத்துப்பெட்டியை அங்கேயும் நீத்துப்பெட்டி என்றே எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு படம் வரைந்து கொடுங்கள்.

முகப்புக்குக் குளிர்கோட்டுப் படத்தையே போடுங்கள். பட்டுச்சேலை அம்மாவின் ஆசை. அவரோடு வாதாட வேண்டாம். தொட்டியைத் தூக்க அம்மம்மா வெளியே போனது எந்தக் கோட்டோடு என்று மட்டும் கேளுங்கள், அவரே ஒப்புக்கொள்வார்.

ஐப்பசி பிறந்துவிட்டதே. தொட்டியை இந்த முறை யார் உள்ளே எடுத்து வைத்தீர்கள்?

அன்புடன்,
அக்கா