பதில்: அக்கோன்காகுவா ரூட்ல பனியே காணோமே, கயிறு வாங்கணுமா?

நீங்க போட்ட போட்டோ அர்ஜென்டினாவுல இருக்கற அக்கோன்காகுவா மலையேதாங்க. 6961 மீட்டர் இருந்தும் வழி பூரா பழுப்புச் சரளையா இருக்கேன்னு கேட்டிருந்தீங்க, அது பிளாசா டே மூலாஸ்ங்கற அடிவார முகாம்லேர்ந்து வடமேற்குப் பக்கமா ஏறற நார்மல் ரூட், தென் அரைக்கோளம்ங்கறதால வடக்குச் சரிவுலதான் வெயில் நல்லா விழும், காத்து வேற வறண்டு போய் அடிக்கும், பனி எங்க தங்கறது.

பனிப்பாறையெல்லாம் (கிளேசியர், அதாவது மெதுவா நகர்ற ஐஸ்) மத்த பக்கம். கிழக்குல போலிஷ் பனிப்பாறை, 1934ல போலந்துக்காரங்க ஏறினதால அந்தப் பேரு. தெற்குல கிட்டத்தட்ட 3000 மீட்டர் சுவர், அதுலேர்ந்து சரியற பனி கீழ ஓர்கோனஸ் இன்ஃபீரியர் பனிப்பாறையா நீண்டு கிடக்குது. அதைப் பாத்தா வெறும் கல்லுக்குவியல்னுதான் நினைப்பீங்க, ஆனா வெடிச்ச இடத்துல அழுக்கேறின ஐஸ் தெரியும், தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். மெதுவா நகர்றது திடீர்னு வேகமெடுத்து முன்னாடி வந்ததும் உண்டு, 2000கள்ல அப்படி நடந்துச்சு.

நார்மல் ரூட்டுக்குப் பனிப்பாறைக் கயிறு தேவைப்படாது. கிராம்பான் (பூட்ஸ் அடியில மாட்டற இரும்பு முள்ளு) மட்டும் கண்டிப்பா எடுத்துக்கோங்க, மேல பனி இறுகிக் கிடந்தா அது இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது. வழியில ஆளுயரத்துக்குக் கத்தி கத்தியா நிக்கற ஐஸ் பாத்தீங்கன்னா அது பெனிடென்டஸ், வெயில் செதுக்கினது, கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.