மாமரம் ஏன் சில ஆண்டுகளில் பூக்காமல் தளிர்க்கிறது?

மாங்கிளை நுனியில் உள்ள மொட்டு இலையாவதா, பூவாவதா என்று தீர்மானமாகும் கட்டத்தைப் பூத் தூண்டல் என்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் இது நடக்கும். முற்றிய இலைகள் குளிரை உணர்ந்து மொட்டுக்குக் குறிப்பு அனுப்புகின்றன. ஓரிரவுக் குளிர் போதாது. 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகள் சில வாரங்கள் தொடர்ந்தால் நல்லது. உறை ஊற்றிய பாலை நடுவில் கலக்கினால் தயிர் கெட்டியாவதில்லை அல்லவா? இடையில் புழுக்கமும் மழையும் புகுந்தால் அதே கதிதான், செம்பு நிறத்தில் தளிர் வந்துவிடும். இலைகளின் வயது கிளைக்குக் கிளை வேறுபடுவதால், ஒரே மரத்தில் ஒரு பக்கம் பூங்கொத்தும் மறுபக்கம் தளிருமாக நிற்பதும் உண்டு. பூத்த பிறகு தூறல் பிடித்தால் இன்னும் மோசம்; பூஞ்சை தாக்கிக் கொத்தே கருகும். பூக்கவில்லையே என்று பூத் தூண்டல் நடக்கும் சமயத்தில் சிலர் தண்ணீரை வாரி ஊற்றுகிறார்கள்; அது பூவை அல்ல, தளிரைத்தான் கூட்டும்.